தனிப்பயிற்சியும் பிள்ளையின் ஹக்கும்

ஆண்டுதோறும் கோடையில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவருகின்றன. வெளிவந்த அன்றே நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "எத்தனை மதிப்பெண்?" என்பது முதற்கேள்வி. "எங்கே டியூஷன் படித்தாய்?" என்பது அடுத்த கேள்வி. எந்தப் பள்ளியில் படித்தாய், யார் உன் ஆசிரியர் என்று கேட்பவர் அருகிவிட்டனர். பள்ளிக்கூடம் என்பது பெயரைப் பதிந்து வைத்திருக்கும் இடம் என்றும், படிப்பு என்பது மாலையில் வேறோர் இடத்தில் விலைக்குக் கிடைக்கும் பொருள் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகிறது.

தனிப்பயிற்சி இல்லாமல் உயர்ந்த மதிப்பெண் பெற முடியாதா? இக்கேள்வியை நாம் நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது. ஏனெனில் இது மதிப்பெண்ணைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. பிள்ளையின் உரிமை, ஆசிரியரின் அமானிதம், இல்லாதவனுக்கு நாம் செய்ய வேண்டிய நீதி ஆகிய மூன்றும் இதனுள் அடங்கியிருக்கின்றன.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டில் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பயிலும் பிள்ளைகளுள் நான்கில் ஒரு பங்கினர் தனிப்பயிற்சி பெற்று வந்தனர். ஆனால் இந்த வழக்கம் எங்கும் ஒரே அளவில் இல்லை. 2022ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கையைப் புரட்டினால், பீகாரிலும் மேற்கு வங்காளத்திலும் கிராமப்புறத் தொடக்க, நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுள் பத்தில் ஏழு பேர் காசு கொடுத்து டியூஷன் படித்ததைக் காண்கிறோம். தமிழ்நாட்டின் கிராமங்களில் அவ்வயதுப் பிள்ளைகளிடையே இது மிகக் குறைவு. அதனால் பீகாரின் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிடப் பல மடங்கு கற்றுவிட்டார்கள் என்று எவரும் கூறுவதில்லை. பள்ளி தளர்ந்த இடத்தில் தனிப்பயிற்சி தழைக்கிறது. அது தழைத்ததனாலேயே கல்வி தழைத்துவிடுவதில்லை. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தனிப்பயிற்சி தருவது என்ன?

கல்வியாராய்ச்சியில் புகழ்பெற்ற அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் புளூம் 1984ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஓர் ஆசிரியர் ஒரு மாணவருக்கென்றே அமர்ந்து கற்பித்தால், சாதாரண வகுப்பறை மாணவர் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேரை அத்தகைய சராசரி மாணவர் விஞ்சிவிடுகிறார் என்பது அவர் கண்ட முடிவு. பின்வந்த ஆய்வுகளில் பயன் இத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை எனினும், தனிக்கவனம் பயன் தரும் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

தனிப்பயிற்சியை ஆதரிப்போர் இந்த ஆய்வைத் தமக்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் புளூம் கூறியதன் உட்பொருள் வேறு. ஒரு பாடம் விளங்கிய பிறகே அடுத்த பாடத்துக்குச் செல்வது, பிழை நேர்ந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவது, திருத்திய பின் மீண்டும் சோதிப்பது ஆகியவையே அங்கே வேலை செய்தன. இவற்றை ஒரு வகுப்பு முழுவதற்கும் செய்ய வழி காண்பதே அவர் முன்வைத்த சவாலாகும்.

இனி நம் ஊர் டியூஷன் வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு கூடத்தில் ஐம்பது, அறுபது பிள்ளைகள் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள். காலையில் பள்ளியில் கேட்ட அதே பாடம் மாலையில் மறுபடியும் சொல்லப்படுகிறது. வாரக் கடைசியில் ஒரு தேர்வு நடக்கிறது. இதைத் தனிப்பயிற்சி என்று அழைப்பதில் "தனி" எங்கே இருக்கிறது? இது இரண்டாவது பள்ளிக்கூடம்; அவ்வளவே.

ஆயினும் அங்கே சென்ற பிள்ளைகள் சிலர் முன்னேறுவதைக் காண்கிறோம். காரணம் எளிது. அங்கே மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. அலைபேசியும் தொலைக்காட்சியும் இல்லாத இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. படித்ததை மறுபடி படிக்கும் கட்டாயம் கிடைக்கிறது. எழுதியதை ஒருவர் பார்த்துப் பிழை சொல்லும் வாய்ப்பும் கிடைக்கிறது. நேரம், மீள்பயிற்சி, திருத்தம் ஆகிய இம்மூன்றுக்கும்தான் நாம் பணம் கட்டுகிறோம். இவற்றுள் ஒன்றேனும் விலைக்கு மட்டுமே கிடைக்கும் பொருளா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் மதரஸாக்கள் அறிந்த வழி

அரபிக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்கு மூன்று சொற்கள் நன்கு தெரியும்: முதாலஆ, தர்ஸ், தக்ரார். உஸ்தாத் பாடம் நடத்துவதற்கு முன்னரே மாணவர் அப்பகுதியைத் தாமே வாசித்து, விளங்காத இடத்தைக் குறித்துக்கொள்வது முதாலஆ. பின்னர் உஸ்தாதின் முன்னிலையில் அமர்ந்து கேட்பது தர்ஸ். பாடம் முடிந்த பின் மாணவர்கள் சிறு குழுவாக அமர, ஒருவர் அன்றைய பாடத்தை மற்றவர்களுக்குத் திரும்ப எடுத்துரைப்பது தக்ரார். எடுத்துரைப்பவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் திருத்துவார். யாருக்கும் விளங்காத இடம் மறுநாள் உஸ்தாதிடம் போகும்.

இம்முறையில் நேரமும் மீள்பயிற்சியும் திருத்தமும் ஒருங்கே இருப்பதைக் கவனியுங்கள். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. மாணவர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியராகிறார்கள். பண்டைய மதரஸாக்களில் "முஈத்" என்ற பெயரில், பேராசிரியரின் பாடத்தை மாணவர்க்கு மீண்டும் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார் என்பதையும் வரலாறு கூறுகிறது. அவருக்கு ஊதியம் அளித்தது வக்ஃபு நிதி. மாணவரின் வாப்பா அல்லர்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் இளமையை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். ஹிஜ்ரி 150இல் பிறந்து, தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பில் மக்காவில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஓதிக்கொடுக்கும் ஆசிரியருக்குக் கொடுக்க அந்தத் தாயிடம் எதுவும் இருக்கவில்லை. ஆசிரியர் எழுந்து செல்லும் வேளைகளில் மற்றச் சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையே கட்டணமாக ஏற்று அந்த ஆசிரியர் கற்பித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஏழைச் சிறுவர் கட்டணத்துக்குப் பதிலாகச் செய்த அந்தப் பணியே பாடத்தை அவர்களிடம் ஆழப் பதித்திருக்கும் என்று கருத இடமுண்டு. கற்பிப்பவரே இருமுறை கற்கிறார் அன்றோ!

இக்காலத்து ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கிறது. 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் ஒரு சோதனை நடத்தினர். ஒரு குழுவினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை வாசித்த பின் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டனர். காதால் கேட்பதும் கண்ணால் மேய்வதும் உடனடி நிறைவைத் தருகின்றன. நூலை மூடிவிட்டுத் தானே வெளிக்கொணர்வதே நிலைத்த கல்வியைத் தருகிறது. ஒரு நாளில் பள்ளியில் ஆறு மணி நேரமும் டியூஷனில் மூன்று மணி நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குத் தானே எழுதிப் பார்க்க எப்போது நேரம் கிடைக்கும்?

ஆகவே, பாடநூல் வரையறுக்கப்பட்ட பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளைப் பொறுத்தவரை நாம் தயங்காமல் கூறலாம்: பள்ளியில் ஆசிரியர் பாடம் நடத்தி, வீட்டில் அமைதியான இரண்டு மணி நேரம் கிடைத்து, பிள்ளை தானே எழுதிப் பார்த்து, பிழையைத் திருத்த ஒருவர் இருந்தால், உயர்ந்த மதிப்பெண்ணுக்கு டியூஷன் தேவையில்லை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியலிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இலேயே கைவிட்டது. தேர்வுத் துறை விட்டுவிட்ட அந்தப் பந்தயத்தை நாம் மட்டும் நம் தெருவுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

மறுக்க முடியாத மறுபக்கம்

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம். தேர்வுகளில் இருவகை உண்டு. கற்றதை அளக்கும் தேர்வு ஒன்று. இருக்கும் இடத்துக்கு ஆள் பொறுக்கும் தேர்வு மற்றொன்று. முன்னதில் எல்லோரும் தேறலாம். பின்னதில் ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு 1984இல் தொடங்கி, 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் அகற்றப்பட்டது. 2017 முதல் மருத்துவ இடங்களுக்கு நீட் தேர்வு நம் மாநிலத்திலும் நடைமுறைக்கு வந்தது. 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு. அறிவோடு வேகமும், வேகத்தோடு பழக்கமும் வேண்டும் தேர்வு இது. 2019ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்தது. அவ்வாண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில், பயிற்சி நிலையம் செல்லாமலே இடம் பெற்றவர்கள் வெறும் 48 பேர்!

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, "முயன்றால் முடியும், டியூஷன் எதற்கு?" என்று ஓர் ஏழை மாணவியிடம் உபதேசம் செய்வது கொடுமையாகும். இத்தகைய போட்டியில் பயிற்சி இல்லாதவர் பின்தங்குகிறார் என்பதே உண்மை. ஆனால் அதனால் மொத்தத்தில் விளைந்த நன்மை என்ன? நியாய விலைக் கடையில் ஐம்பது பேருக்கு மட்டும் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கும் ஐந்நூறு பேரும் விடியலுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்து நின்றாலும், வாங்கிச் செல்பவர் ஐம்பது பேர்தாம். தூக்கம் இழந்தவர்களோ ஐந்நூறு பேர். முன்னதாக வந்து நிற்பதற்கு ஆள் அமர்த்தக் காசுள்ளவர் யாரோ அவருக்கே மண்ணெண்ணெய் என்றாகிவிட்டால், அந்த வரிசைக்குத் தகுதி என்று பெயர் சூட்டுவது தகுமா?

தமிழக அரசு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு அளித்ததும், முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே நுழைந்த இடத்தில் அவர்கள் நூற்றுக்கணக்கில் நுழைந்தனர். அப்பிள்ளைகளிடம் அறிவு இல்லாமல் இருக்கவில்லை. பணம் இல்லாமல் இருந்தது என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

ஆசிரியரின் அமானிதம்

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் பேசியாக வேண்டும். காலையில் வகுப்பில் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியை மாலையில் தம் வீட்டுத் திண்ணையில் விற்கும் ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனது 28ஆம் பிரிவில், ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சித் தொழிலில் ஈடுபடலாகாது என்று தடுத்திருக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் மார்க்கம் தடுக்கிறது. வகுப்பறையில் உள்ள பிள்ளை ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்துக்குரியதைக் குறைத்து, குறைத்த அளவை அதே பிள்ளைக்கு விலைக்குக் கொடுப்பது, தராசில் கை வைக்கும் வணிகனின் செயலினும் இழிவானது. வணிகன் குறைப்பது அரிசி; இவர் குறைப்பது ஒரு தலைமுறையின் வாழ்வு.

அதே வேளையில் எல்லா ஆசிரியரையும் ஒரே கயிற்றில் கட்டுதல் அநீதியாகும். கற்பித்தலுக்கு ஊதியம் பெறலாமா என்பதை நம் இமாம்களே நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். மார்க்கக் கல்வி போதிப்பதற்குக் கூலி பெறுவதை ஹனஃபீ மத்ஹபின் முன்னோர் ஏற்கவில்லை. காலம் மாறி, ஆசிரியர்களுக்குப் பொதுநிதியின் ஆதரவு குறைந்தபோது, கல்வியே அழிந்துவிடக்கூடாது என்பதற்காகப் பின்னோர் அதை அனுமதித்தனர். சிறு தனியார் பள்ளியில் சொற்ப ஊதியம் பெறும் ஆசிரியை மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் குடும்பம் நடத்தினால், அவர் உழைப்பு ஹலாலான உழைப்பே. குறை அவரிடத்தில் இல்லை. அவருக்கு உரிய ஊதியம் கொடுக்காத நம்மிடத்தில் இருக்கிறது.

சட்டத்தால் மட்டும் இதைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவோர்க்குத் தென் கொரியா ஒரு பாடம். அங்கு 1980இல் தனிப்பயிற்சி அடியோடு தடை செய்யப்பட்டது. பயிற்சி நின்றுவிடவில்லை, மறைவுக்குச் சென்றது. மறைவுக்குச் சென்றதும் விலை ஏறிற்று. செல்வர்க்கே அது கிட்டிற்று. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் மத்திய அரசு 2024 ஜனவரியில், பதினாறு வயதுக்கு உட்பட்டவரைப் பயிற்சி நிலையங்கள் சேர்க்கலாகாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல நோக்கமே. ஆனால் தாகம் இருக்கும்வரை தண்ணீர் விற்பவரைத் துரத்துவதால் மட்டும் பயனில்லை. கிணறு வெட்ட வேண்டும்.

வீட்டில் நடப்பது

நம் சமுதாயத்துக்கென்று ஒரு சூழ்நிலை இருக்கிறது. குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் உழைக்கிறார். வீட்டின் பொறுப்பு முழுவதும் உம்மாவின் தோளில் விழுகிறது. அவருக்கு இயற்கணிதம் தெரியாது. பிள்ளையைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை. அங்கே டியூஷன் என்பது பாடம் சொல்லும் இடம் என்பதைவிட, பிள்ளை தெருவில் சுற்றாமல் காக்கும் வேலி. இந்தத் தாயை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் அவருக்கு ஒன்று சொல்வோம். பாடம் தெரிந்தால்தான் பிள்ளைக்கு உதவ முடியும் என்பதில்லை. "இன்று என்ன படித்தாய்? நூலை மூடிவிட்டு எனக்குச் சொல்" என்று கேட்டு அரை மணி நேரம் செவிசாய்த்தால் போதும். தெரியாதவருக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று பொருள். சொல்லத் தடுமாறினால் மறுநாள் பள்ளியில் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். பள்ளி விட்டு டியூஷன், டியூஷன் விட்டு இன்னொரு டியூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு ஓதும் பள்ளி நின்றுபோகிறது. மக்ரிபுத் தொழுகை தவறுகிறது. வாப்பிச்சாவிடம் அமர்ந்து நாலு வார்த்தை பேசவும் நேரமில்லை. தூக்கம் குறைந்து, விளையாட்டு மறந்து, முகம் வாடுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் மதிப்பெண் குறைந்துவிட்டால், "இத்தனை ஆயிரம் கொட்டினேனே!" என்ற சொல் அப்பிள்ளையின் மேல் விழுகிறது. செலவழித்த பணம் பிள்ளையின் கழுத்தில் கடனாகத் தொங்குகிறது. கல்வி நாம் பிள்ளைக்குச் செலுத்த வேண்டிய ஹக்கு. அதைப் பிள்ளை நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடனாக மாற்ற நமக்கு உரிமை இல்லை.

மஹல்லாவின் கடமை

ஒரே மஹல்லாவில் ஒரு வீட்டுப் பிள்ளை மூன்று பாடத்துக்கு டியூஷன் போகிறான். அடுத்த வீட்டுத் தாய் பீடி சுற்றியோ பாய் முடைந்தோ பிள்ளையைப் படிக்க வைக்கிறார். இரு பிள்ளைகளும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். தேர்வு மண்டபத்தில் மட்டும் ஒருவனுக்குப் பின்னே பணம் நிற்கிறது. மற்றவனுக்குப் பின்னே யாரும் இல்லை. இதைக் கண்டும் காணாதிருக்க ஒரு ஜமாஅத்தால் முடியுமானால், அந்த ஸஃப்பின் பொருளை நாம் இன்னும் உணரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே அவர்களுக்கு மீட்புத்தொகை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட வரலாற்றை நாம் மேடைதோறும் கேட்கிறோம். பொருள் நெருக்கடி மிகுந்திருந்த காலத்தில், கைக்கு வரக்கூடிய பணத்தைவிடச் சிறுவர்களின் கல்வி மேலானதாகக் கருதப்பட்டது என்பதே அந்நிகழ்ச்சியின் சாரம். கேட்டுச் சுப்ஹானல்லாஹ் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

ஒவ்வொரு பள்ளிவாசலை ஒட்டியும் ஒரு கூடமோ, மதரஸாக் கட்டிடமோ இருக்கிறது. மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலும் இஷாவுக்குப் பின்னும் அது பூட்டிக் கிடக்கிறது. விளக்கு இருக்கிறது, விசிறி இருக்கிறது, பாய் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் அமர்ந்து படிக்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மேற்பார்வை பார்க்கட்டும். கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள் வாரத்தில் இரு நாள் வந்து தக்ரார் முறையில் சிறு குழுக்களை நடத்தட்டும். பெண் பிள்ளைகளுக்குப் பட்டதாரிப் பெண்கள், பகல் பொழுதில், பாதுகாப்பான இடத்தில் இதையே செய்யட்டும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தில் பள்ளி நேரத்துக்குப் பின் சிறு குழுக்களாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இலட்சக்கணக்கான தன்னார்வலர் முன்வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆள் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

நீட் போன்ற போட்டித் தேர்வுக்கு உண்மையிலேயே பயிற்சி வேண்டிய ஏழைப் பிள்ளையைக் கண்டறிந்து, அவர் கட்டணத்தைச் செல்வர்கள் தம் ஜகாத்திலிருந்தும் சதகாவிலிருந்தும் ஏற்கட்டும். திருமண விருந்தில் வீணாகும் ஒரு வேளைச் சோற்றின் விலை, ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புக்குப் போதுமானது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

முடிவாக

தனிப்பயிற்சி கூடாதது என்று நாம் சொல்லவில்லை. நோயினால் பாடம் தவறிய பிள்ளைக்கு, கீழ் வகுப்பிலேயே கணிதம் சறுக்கிவிட்ட பிள்ளைக்கு, பாட ஆசிரியரே இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது மருந்து. மருந்துக்கு அளவு உண்டு. முடிவு நாளும் உண்டு. எந்த ஆசிரியர் தாம் தேவைப்படாத நாளை நோக்கிப் பிள்ளையை நடத்துகிறாரோ அவரே நல்ல ஆசிரியர். ஆறாம் வகுப்பில் பிடித்த கையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை விடாத டியூஷன், பிள்ளைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, தூக்கிச் சுமந்திருக்கிறது. கல்லூரி வாசலில் இறக்கிவிட்டதும் அப்பிள்ளை தடுமாறுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உயர்ந்த மதிப்பெண்ணுக்கு வேண்டியவை அமைதியான நேரம், தானே செய்யும் மீள்பயிற்சி, பிழை காட்டும் ஒரு நல்ல உள்ளம் ஆகிய மூன்றும்தாம். இவற்றைப் பள்ளியும் வீடும் மஹல்லாவும் பிள்ளைக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கின்றன. நாம் கொடுக்கத் தவறியதைத்தான் டியூஷன் நிலையம் நமக்கே விற்றுக்கொண்டிருக்கிறது. பணம் இருப்பவர் வாங்கிக்கொள்கிறார். இல்லாதவர் பிள்ளையின் ஹக்கு மட்டும் நிலுவையில் நிற்கிறது. அந்த நிலுவையைப் பற்றி நாளை நாம் அனைவருமே விசாரிக்கப்படுவோம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்கள் ஹக்கை நிறைவேற்றும் நல்லெண்ணத்தையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக!